லே பாதையில் இரண்டு வண்டிகள்

மோட்டார் சைக்கிள் வாங்கும் வீட்டில் ஒரு வழக்கு தவறாமல் நடக்கும். "செகண்ட் ஹாண்டில் பழைய வண்டியே போதும். ஒரு திருப்புளி இருந்தால் தெருக்கோடியில் ரிப்பேர் பார்த்துக்கொள்ளலாம்" என்பார் அப்பா. "கம்ப்யூட்டர் வைத்த புது வண்டிதான் வேண்டும்" என்பான் பிள்ளை. இதற்குத் தீர்ப்புச் சொல்ல மணாலியிலிருந்து லே போகும் மலைப்பாதையைவிட நல்ல கோர்ட்டு கிடையாது. புறப்படலாமா?

நம்முடன் இரண்டு ராயல் என்பீல்ட் வண்டிகள் வருகின்றன. ஒன்று, 1955-ல் சென்னையில் கம்பெனி ஏற்பட்டபின் திருவொற்றியூரில் உருவாகத் தொடங்கிய புல்லட்டின் பழைய வார்ப்பு. கார்புரேட்டர், டிரம் பிரேக், கிக்கர், இவ்வளவுதான் அதன் சொத்து. மற்றொன்று, 2020-ல் வந்த ஹிமாலயன். பெட்ரோலை அளந்து பீய்ச்சும் இன்ஜெக்‌ஷன், சக்கரம் இறுகிச் சறுக்காமல் காக்கும் ஏ.பி.எஸ். பிரேக் எல்லாம் அதில் உண்டு.

புல்லட்டைக் கிளப்புவதே ஒரு வித்தை! ஆம்மீட்டர் முள் நடுவுக்கு வரும்வரை கிக்கரை மெல்ல அமுக்கி, டிகம்ப்ரஷன் விசையைப் பிடித்து இன்னும் சற்று இறக்கி, பிறகு ஓங்கி ஓர் உதை. முறை தப்பினால் வண்டி நம்மை உதைக்கும். ஹிமாலயனுக்கு ஒரு பொத்தான் போதும், கிக்கரே கிடையாது.

2020 அக்டோபரில் திறந்த 9 கிலோ மீட்டர் அடல் சுரங்கத்தைக் கடந்தால் லாஹூல் பள்ளத்தாக்கு. சந்திரா, பாகா என்ற இரு நதிகள் கலக்கும் தாண்டி கிராமத்தில் பெட்ரோலை நிரப்பிக்கொள்வது பயணிகள் வழக்கம். அடுத்த பங்க் 365 கிலோ மீட்டரில் என்று எச்சரித்த பலகை இந்த ஊரில் பிரசித்தம்.

பாரலாச்சா கணவாய் வந்துவிட்டது. 16,000 அடி உயரம். காற்று மெலிந்துவிட்டது; நமக்கு மட்டுமல்ல, புல்லட்டுக்கும் மூச்சு வாங்குகிறது. காற்று குறைந்ததைக் கார்புரேட்டர் அறியாது. பெட்ரோலைத் தாராளமாகக் கொடுக்கிறது. ஆகவே கரும்புகை, பிளக்கில் கரி, எண்ணெய்ச் செலவு. ஹிமாலயனோ காற்றின் அழுத்தத்தை அறிந்து பெட்ரோலைக் குறைத்துக்கொள்கிறது. ஆனாலும் அதன் வேகமும் குறையத்தான் செய்கிறது. இல்லாத காற்றை எந்தக் கம்ப்யூட்டரால் உண்டாக்க முடியும்?

இறக்கத்தில்தான் உயிர்ப் பிரச்னை. உருகிய பனிநீர் பாதையில் ஓடுகிறது. பயத்தில் பிரேக்கை இறுக்கிவிட்டால் புல்லட்டின் சக்கரம் சறுக்கும், பக்கத்திலே பாதாளம்! ஏ.பி.எஸ். அந்த நேரத்தில் பிரேக்கை விட்டுவிட்டுப் பிடித்துச் சமாளிக்கிறது. 2019 ஏப்ரல் முதல் 125 சி.சி.க்கு மேற்பட்ட புது வண்டிகளுக்கு இதைச் சட்டமே கட்டாயமாக்கியது. உதிரிச் சரளையில் மட்டும் அது சற்றுத் தடுமாறும். அதற்காகவே ஹிமாலயனில் பின் சக்கரத்துக்கு அதை நிறுத்தி வைக்க வசதி செய்தார்கள்.

காட்டா வளைவுகள் இருபத்தொன்றையும் ஏறிக் கூடாரங்கள் நிறைந்த பாங் போய்ச் சேர்கிறோம். இங்கே வண்டி நின்றால்? கார்புரேட்டரில் தூசி என்றால் கழற்றி ஊதி மாட்டிவிடலாம். செலவு ஒரு டீ. இன்ஜெக்‌ஷனில் உணர்கருவி ஒன்று கெட்டாலோ, அதைக் கண்டுபிடிக்கவே தனிக் கருவி வேண்டும். லாரியில் ஏற்றி லே கொண்டுபோகவேண்டியதுதான். 2020 ஏப்ரலில் புதுப் புகை விதி வந்தபோது இன்ஜெக்‌ஷன் பரவிற்று. வண்டி விலையும் ஏறிற்று.

17,480 அடி டங்லாங் லா கணவாயையும் தாண்டிவிட்டோம். தொட்டபெட்டாவின் மேல் இன்னொரு தொட்டபெட்டாவை வைத்தாற்போன்ற உயரம்! கீழே சிந்து நதியும் லே நகரமும். இனித் தீர்ப்பு.

பிள்ளை கேட்கும் பிரேக்குக்கு அப்பா பணம் கொடுக்கத்தான் வேண்டும். அதில் சிக்கனம் கூடாது. மற்ற ஜோடனைகளுக்கு விலை பேசலாம், வேண்டாமென்றும் சொல்லலாம். ஆனால், பிளக்கைக் கழற்றவும் கிளட்ச் ஒயர் மாற்றவும் பிள்ளை அப்பாவிடம் கற்றுக்கொண்டு புறப்படட்டும். பாங்கில் வண்டி நின்றால் கூப்பிட்ட குரலுக்கு அப்பா வரமுடியாது அல்லவா?