கான்கிரீட் மூடுவதற்கு முந்தின நாள்

முடிச்சூரில் இப்போது வீடு கட்டுகிறவர்கள் முதலில் பேசுவது பேஸ்மட்ட உயரத்தைப் பற்றித்தான். 2015 டிசம்பரில் அடையாற்று வெள்ளம் எதுவரை ஏறி நின்றது என்பது அங்கே எல்லாருக்கும் ஞாபகம் இருக்கிறது. பழைய வீடுகள் ரோட்டுக்குக் கீழே இறங்கிக் கிடக்க, புது வீடுகள் நாலடி ஐந்தடி ஏறி நிற்கின்றன. அப்படி ஏறி நின்ற ஒரு வீட்டுக்கு முதல் ரூஃப் போடவிருந்தார்கள். “கம்பி வேலை பார்க்கணும்னா இன்னைக்கே வாங்க, நாளைக்குக் கான்கிரீட் போட்டுட்டா ஒண்ணும் தெரியாது” என்றார் வீட்டுக்காரம்மா. ஓய்வு பெற்ற கணக்கு ஆசிரியை. கொத்தனாரிலிருந்து சித்தாள் வரை எல்லாருக்கும் டீச்சரம்மா.

வாசலோரம் ஒரு கனத்த பலகை. அதில் கம்பித் துண்டுகளை முளையாக அடித்திருந்தார்கள். பீகாரிலிருந்து வந்த பையன் ஒருவன் 8 எம்எம் கம்பியை முளைகளுக்கு நடுவே செருகி, கம்பி வளைக்கும் சாவியைப் போட்டு இழுத்தான். இழுப்புக்கு ஒரு மடக்கு. பீமையும் தூணையும் சுற்றி வரும் ரிங் இப்படித்தான் உருவாகிறது. நாலு மூலையும் வந்தபின் இரண்டு முனைகளையும் தனியாக இன்னொரு முறை உள்பக்கமாக மடக்கினான். எனக்கு அது வெட்டி வேலையாகத்தான் பட்டது. செஞ்சிப் பக்கத்துக் கம்பி மேஸ்திரி சிரித்தார். “அந்த மடக்குக்குத்தான் சார் கூலியே.”

முனையை வெறும் 90 டிகிரிக்கு மடக்கிவிட்டால் வேலை சீக்கிரம் முடியும், பார்வைக்கும் வித்தியாசம் தெரியாது. ஆனால் நிலநடுக்கத்தில் தூணின் மேல்தோல் உதிர்ந்தால் அந்த ரிங் வாயைத் திறந்துவிடும். நெட்டுக் கம்பிகள் வெளிப்பக்கம் பிதுங்கும். 135 டிகிரிக்கு மடக்கி முனையைக் கான்கிரீட்டின் வயிற்றுக்குள் விட்டால் திறக்காது. சென்னைக்கு எதற்கு இதெல்லாம் என்று கேட்பவர்கள் உண்டு. 2002-இல் திருத்தப்பட்ட நிலநடுக்கத் தரவிதி சென்னையை இரண்டாம் மண்டலத்திலிருந்து மூன்றாம் மண்டலத்துக்கு மாற்றியது.

சாரத்தில் ஏறி மேலே போனோம். சென்ட்ரிங் சீட்டுகளின் மேல் எண்ணெய் மினுமினுப்பு. அதன் மேல் குறுக்கும் நெடுக்குமாகக் கம்பிக் கட்டம். சந்திப்புகளில் கட்டுக்கம்பியை இரட்டையாக மடித்துக் கீழே விட்டு, கொக்கியால் ஒரு சுழற்று. குனிந்தவர்கள் நிமிரவே இல்லை. வெயிலில் காய்ந்த கம்பியை வெறுங்கையால் தொட்டேன், உடனே எடுத்துவிட்டேன். அவர்கள் கையிலும் உறை இல்லை.

கட்டத்துக்கும் சீட்டுக்கும் நடுவே சின்னச் சின்ன சிமெண்ட் வில்லைகள். அதுதான் கவர் பிளாக். கம்பிக்கு வெளியே எவ்வளவு கான்கிரீட் இருக்க வேண்டும் என்பதுதான் கவர்: ஸ்லாபுக்கு 20 எம்எம், பீமுக்கு 25, தூணுக்கு 40. பல சைட்டுகளில் இந்த இடத்தில் அங்கங்கே ஒரு ஜல்லியைத் தூக்கி வைப்பார்கள். ஆள் மிதித்தால் ஜல்லி நகரும், கம்பி சீட்டோடு ஒட்டிக்கொள்ளும். சில வருஷத்தில் ஈரம் ஏறித் துரு பிடிக்கும். துரு இரும்பைவிட அதிக இடம் கேட்கும். கான்கிரீட்டைத் தள்ளிக்கொண்டு வெளியே வரும். கூரைப் பூச்சு விழுந்து கம்பி தெரியும் வீடுகளில் பலர் சிமெண்டைத்தான் திட்டுகிறார்கள். சில ரூபாய் வில்லையை யாரும் நினைப்பதில்லை.

பால்கனிப் பக்கம் ஒரு சத்தம். ஒயரிங் பைப்போடு வந்த பையன் மேல்கம்பியில் கால் வைத்துவிட்டான். கம்பி தொய்ந்து கீழே போய்விட்டது. அதுவரை அமைதியாக இருந்த மேஸ்திரி பாய்ந்து போனார். “டேய், அது மேல இருக்கற கம்பிடா! கீழ போச்சுன்னா பால்கனியே போச்சு!” வளைத்து வைத்திருந்த கம்பிக் கால்களை எடுத்து அடியில் முட்டுக்கொடுத்துக் கட்டினார். அதற்குச் சேர் என்று பெயர்.

அவர் கோபம் நியாயமானது. கான்கிரீட் அழுத்தத்தைத் தாங்கும், இழுப்பைத் தாங்காது. அறையின் நடுவில் ஸ்லாபின் அடிப்பக்கம் இழுபடும். அதனால் கம்பி அடியில். பீமுக்கு மேலே வரும்போது இழுப்பு மேல்பக்கத்துக்கு மாறுகிறது; அதனால் கம்பியையும் அங்கே மேலே தூக்கி வளைப்பார்கள், அதுதான் கிராங்க். பால்கனியும் சன்ஷேடும் ஒரு பக்கம் மட்டும் பிடிமானம் உள்ளவை. முழு இழுப்பும் மேலேதான். அங்கே கம்பி கீழே இறங்கினால் இருந்தும் இல்லாத கணக்கு. இதை எந்த எஸ்டிமேட்டிலும் எழுத மாட்டார்கள். எழுதினாலும் மறுநாள் மதியத்துக்குமேல் சரிபார்க்க முடியாது.

கம்பி லாரியில் டன் கணக்கில் வருகிறது. டீச்சரம்மா நம்பவில்லை, கணக்குப் போட்டார். விட்டத்தை விட்டத்தால் பெருக்கி 162-ஆல் வகுத்தால் ஒரு மீட்டரின் எடை கிலோவில் வரும். 12 எம்எம் கம்பி என்றால் 0.889, 12 மீட்டர் நீள முழுக் கம்பி 10.67 கிலோ. நோட்டைக் காட்டியதும் மேஸ்திரி சொன்னார்: “பத்தரைக்கு மேல, பத்தே முக்காலுக்குக் கீழ. தூக்கினாலே தெரியும் டீச்சரம்மா.”

ஆனால் டீச்சரம்மாவின் கணக்கு தடுமாறிய இடமும் உண்டு: கூலி. சதுரடிக்கு இவ்வளவு என்று பேசி முடித்த பிறகுதான் எந்தச் சதுரடி என்ற வழக்கு கிளம்பியது. சன்ஷேட் சேருமா? மாடிக் கைப்பிடிச் சுவர்? சம்ப், செப்டிக் டேங்க்? கொத்து மேஸ்திரி ஒன்று சொல்ல, டீச்சரம்மா ஒன்று சொல்ல, நடுவில் ஒரு வாரம் வேலை நின்றது. லேபர் கான்ட்ராக்ட் பேசும்போது விலைக்கு முன் இந்தப் பட்டியலை எழுதிக்கொள்வது நல்லது. எழுத்து இல்லாத இடத்தில் இரண்டு பேருமே நியாயமானவர்கள்தான்.

சதுரடி டீச்சரம்மாவை முன்பே ஒரு தடவை ஏமாற்றியிருக்கிறது. முதலில் ஃபிளாட் வாங்கத்தான் அலைந்தார். 1,000 சதுரடி என்றார்கள். உள்ளே டேப் பிடித்தால் எழுநூற்றுச் சொச்சம். சொன்னது சூப்பர் பில்ட்-அப்: படிக்கட்டு, லிஃப்ட், பொது வராந்தா எல்லாவற்றிலும் உங்கள் பங்கு அதில் அடக்கம். வெளிச்சுவரும் பால்கனியும் வரைக்கும் எடுத்தால் பில்ட்-அப். கார்பெட் ஏரியா என்பதற்கு 2016-ஆம் வருஷத்து ரியல் எஸ்டேட் சட்டமான ரெராவே அளவு வைத்திருக்கிறது: உள்சுவர்கள் சேரும், வெளிச்சுவர், பால்கனி, மொட்டைமாடி சேராது. கேட்க வேண்டியது அந்த எண்ணை. அதோடு யுடிஎஸ்: மொத்த மனையில் உங்கள் பெயருக்குப் பத்திரத்தில் எழுதப்படும், பிரிக்கப்படாத மண். கட்டடம் பழசாகி இடித்துக் கட்டும் காலத்தில் பேரம் அதை வைத்துத்தான் நடக்கும். பதிவான ஒப்பந்தம் இல்லாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது என்பதும் அதே சட்டத்தில் இருக்கிறது.

வரைபட அனுமதி ரசீதில் தொழிலாளர் நல நிதி என்று ஒரு தொகை இருந்ததை டீச்சரம்மா காட்டினார். கட்டுமானத் தொழிலாளர் வாரியத்துக்குப் போகிற பணம் அது. மேஸ்திரியிடம் வாரிய அட்டை இருக்கிறது. ரிங் மடக்கிய பையனிடம் கேட்டேன். அப்படி ஒன்று இருப்பதே அவனுக்குத் தெரியாது.

சாயங்காலம் சென்ட்ரிங்காரர் வந்தார். ஏழாம் நாள் பிரித்துவிடுவதாகச் சொன்னார். சீட்டு வேறு சைட்டுக்குப் போக வேண்டுமாம். டீச்சரம்மா நோட்டைத் திறந்தார். ஐஎஸ் 456 தரவிதிப்படி நாலரை மீட்டர் வரை அகலமுள்ள ஸ்லாபுக்கு முட்டு ஏழு நாள், அதற்கு மேல் 14. “ஹால் பதினாறு அடி. 14 நாள். பால்கனி முட்டு கடைசியா.”

“வாடகை ஏறுமேம்மா.”

“எவ்வளவு ஏறும், சொல்லுங்க. எழுதிக்கிறேன்.”

அவர் தொகை சொன்னார். டீச்சரம்மா அதில் பாதியில் ஆரம்பித்தார். நான் கிளம்பும்போதும் பேரம் முடிந்திருக்கவில்லை.