விரலை எடுத்துக்கொண்டு எங்கே ஓடுவது?

தை பிறந்துவிட்டால் பெரம்பலூரைச் சுற்றியுள்ள கிராமத்துச் சாலைகளில் பாதி அகலம் களமாகிவிடும். தார்ச்சாலையின் ஓரம் முழுக்க மக்காச்சோளம் காய்கிறது. எல்லைக்கு வரிசையாகக் கல் வைத்திருக்கிறார்கள். பஸ்கூட அதை மதித்து ஒதுங்கித்தான் போகிறது. வேப்பந்தட்டை போகும் வழியில், டிராக்டரோடு பூட்டிய கதிரடிக்கும் மெஷின் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. ஐந்தாறு பெண்கள், சேலைக்கு மேல் ஆண்களின் முழுக்கைச் சட்டை, தலையில் இறுக்கிக் கட்டிய துண்டு. அறுந்த விரலை ஒட்டவைக்கும் சிகிச்சையைப் பற்றி எழுத வந்தவன் ஆஸ்பத்திரிக்குப் போகாமல் களத்தில் வந்து நிற்கிறானே என்று அவர்களுக்கு வேடிக்கை.

எனக்கோ மெஷினைத்தான் முதலில் பார்க்க வேண்டியிருந்தது. டிராக்டரின் பின்னால் சுழன்று மெஷினை ஓட்டும் தண்டின் வழக்கமான வேகம் நிமிடத்துக்கு 540 சுற்று. நொடிக்கு ஒன்பது. துண்டு நுனியோ சட்டைக் கையோ அதில் மாட்டினால், ‘ஐயோ’ என்று வாய் திறப்பதற்குள் ஏழெட்டுச் சுற்று முடிந்திருக்கும். தண்டுக்கு மேல் மூடி போட வேண்டும். நான் பார்த்த மெஷினில் மூடி இல்லை. அது இருந்ததற்கான போல்ட் ஓட்டைகள் மட்டும் இருந்தன.

“முடியை மூடிக் கட்டிக்கணும் தம்பி. மாட்டுச்சுன்னா தலைத்தோலோட உரிச்சுக்கிட்டுப் போயிடும்” என்றார் கதிர் அள்ளிப் போட்டுக்கொண்டிருந்த அம்மா. மிகைப்படுத்திச் சொல்கிறார் என்று நினைக்க வேண்டாம். புருவத்திலிருந்து பிடரி வரை தலைத்தோல் ஒரே துண்டாகக் கழன்றுவருவது இந்த வகை விபத்துகளில் நடப்பதுதான். அதிலும் ஒரு விந்தை உண்டு. நெற்றிப்பொட்டுக்குப் பக்கத்தில் ஓடும் ஒரே ஒரு தமனியையும் ஒரு சிரையையும் மைக்ராஸ்கோப்பின் கீழ் இணைத்துவிட முடிந்தால், மொத்தத் தலைத்தோலும் பிழைத்து முடியும் வளரும். ஆஸ்திரேலிய மருத்துவர்கள் 1976-இல் இதைச் செய்துகாட்டிவிட்டார்கள். கழன்ற தோலை மண்ணிலிருந்து எடுத்து, உரிய விதத்தில் கொண்டுவந்தால்தான் அதெல்லாம்.

மெஷின்காரர் இடது கையை மடக்கியே வைத்திருந்தார். கேட்டதும் தயங்காமல் நீட்டினார். புறங்கையில் மெத்தென்று ஒரு திண்டு. கட்டைவிரல் இருக்கிறது, பக்கத்து இரண்டு விரல்கள் அடியோடு இல்லை.

“இது கைத்தோலு இல்ல சார், இடுப்புத்தோலு. மூணு வாரம் கையை அடிவயித்துப் பக்கம் தச்சு வெச்சிருந்தாங்க. இப்ப எனக்குத் தொப்பை போட்டா இதுவும் சேர்ந்து உப்புது.”

சிரித்துக்கொண்டேதான் சொன்னார், ஆனால் மருத்துவப்படி அது சரி. இடுப்பின் கீழ்ப்பகுதியிலிருந்து எடுத்த தோலில் உள்ள கொழுப்பு, எங்கே குடிபெயர்ந்தாலும் இடுப்புக் கொழுப்பாகவே நடந்துகொள்ளும். இந்த முறையை 1972-இல் விவரித்தவர்கள் மெக்கிரிகர், ஜாக்சன் என்ற இரண்டு பிரிட்டிஷ் மருத்துவர்கள். தோலை முழுவதும் வெட்டி எடுக்காமல், ஒரு முனை அதன் சொந்த ரத்தக்குழாயோடு இடுப்பிலேயே இருக்க, மறுமுனையைக் கையின் புண்மேல் தைத்துவிடுவார்கள். மூன்று வாரத்தில் கையிலிருந்தே புது ரத்தம் ஊறத் தொடங்கியதும் இடுப்புப் பக்கத்தை அறுத்துவிடுவார்கள். புனேயில் ஒரு மாட்டுவண்டிக்காரரின் அறுபட்ட மூக்கை நெற்றித்தோலை இறக்கிச் சரிசெய்ததும் இதே தர்க்கம்தான். அந்தச் செய்தி 1794-இல் லண்டன் பத்திரிகையில் வந்த பிறகே ஐரோப்பா அதைக் கற்றுக்கொள்ளத் தொடங்கியது. இதற்கு மைக்ராஸ்கோப் வேண்டாம், இரவு முழுக்க நடக்கும் அறுவையும் வேண்டாம். நவீனத்தைப் பற்றி எழுதும்போது நாம் இந்தப் பழைய முறையைத் தாண்டிப் போய்விடுகிறோம். எத்தனையோ விவசாயிகளின் கை இன்று மண்வெட்டி பிடிப்பது இந்த இடுப்புத்தோலால்தான்.

“அந்த ரெண்டு விரல் எங்கே போச்சு?” என்றேன்.

“யாரு தேடுனா? என்னைத் தூக்கிக்கிட்டு ஓடுனாங்க. மறுநாள் சோளத்தைச் சலிக்கும்போது ஒண்ணு கிடைச்சுதாம். புதைச்சுட்டாங்க.”

கிடைத்திருந்தாலும் ஒட்டியிருக்குமா என்பது வேறு கேள்வி. அதைத் திருச்சியில் ஒரு பிளாஸ்டிக் சர்ஜனிடம் கேட்டேன். அரிவாளிலோ பேப்பர் வெட்டும் மெஷினிலோ நறுக்கென்று துண்டானால் வாய்ப்பு அதிகம். கதிரடிக்கும் மெஷின் வெட்டுவதில்லை, பிய்க்கிறது. பிய்ந்த விரலில் ரத்தக்குழாய் உள்ளேயே நீண்டு, சுருண்டு, உள்சுவர் கிழிந்திருக்கும். கெட்டுப்போன நீளத்தை வெட்டிவிட்டு முன்கையிலிருந்து சிரைத்துண்டு எடுத்து நடுவில் ஒட்டுப்போட வேண்டும். ஒற்றை விரல் என்றால், நுனியை மூடித் தைத்துச் சீக்கிரம் வேலைக்கு அனுப்புவதே நல்லது என்று பல சமயம் முடிவெடுப்பார்கள். கட்டைவிரல் என்றால், பல விரல்கள் என்றால், குழந்தை என்றால், எப்படியிருந்தாலும் முயன்று பார்ப்பார்கள். கையின் பயனில் ஏறக்குறைய 40 சதவீதம் கட்டைவிரலுடையது என்பது அவர்கள் கணக்கு. அது திரும்பக் கிடைக்காவிட்டால் கால்விரலை எடுத்துக் கையில் வைக்கலாம். 1960-களின் கடைசியிலேயே வந்துவிட்ட முறை. ஆனால் “இருக்கிற விரலையும் எடுக்கவா?” என்று குடும்பமே எழுந்து போய்விடுவதும் உண்டாம்.

அவர் அறையை ஒட்டிய சிறு கூடத்தில் இளம் டாக்டர் ஒருவர் கோழித்தொடையோடு உட்கார்ந்திருந்தார். மதிய சாப்பாடு இல்லை, பயிற்சி. கோழித்தொடையின் ரத்தக்குழாய் மனித விரலின் குழாய் அளவுக்கு, ஒன்றிரண்டு மில்லிமீட்டர் தடிமன்தான் இருக்கும். மைக்ராஸ்கோப்பின் இரண்டாவது கண்ணாடி வழியாக நான் பார்த்தேன். வெறும் கண்ணுக்குத் தெரியாத நூல் அதில் கயிறாகத் தெரிகிறது. பத்து-பூஜ்யம் என்று அழைக்கும் அந்த நைலான் இழை ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கு அளவே. தலைமுடி இதைவிடப் பல மடங்கு தடிமன். அவர் விரல் அசைவதாகவே தெரியவில்லை, ஆனால் கண்ணாடிக்குள் ஊசி திரை முழுக்கப் பாய்கிறது. மூச்சு விட்டால்கூடப் படம் ஆடுகிறது. குழாயின் வாயைச் சுற்றி மூன்று இடத்தில் தையல் போட்டு இழுத்தால் வட்டம் முக்கோணமாகிவிடும். பிறகு பக்கங்களைத் தைப்பது சுலபம். அலெக்சிஸ் கேரல் என்ற பிரெஞ்சு மருத்துவர் நூறாண்டுக்கு முன் சொல்லிக்கொடுத்த வழி. அவர் ஊசி வேலையைக் கற்றுக்கொண்டது லியோன் நகரில் பூவேலை செய்யும் ஒரு பெண்மணியிடம். 1912-இல் நோபல் பரிசு மருத்துவருக்கு வந்தது.

விரல் ஒட்டும்போது எலும்பை முதலில் கொஞ்சம் குறைத்துக் கம்பி குத்தி நிறுத்துவார்கள். பின்னர் தசைநாண், தமனி, நரம்பு, சிரை என்று போகும். ஒரு விரலுக்கே மூன்று நான்கு மணி நேரம். 1965-இல் ஜப்பானின் நாரா மாகாணத்தில் கொமாட்சு, தமாய் இருவரும் முழுக்க அறுந்த கட்டைவிரலை முதன்முதலாக இப்படி ஒட்டினார்கள். தமிழ்நாட்டுக்கு இந்தப் பாதையைப் போட்டவர் பேராசிரியர் ஆர். வெங்கடசாமி, 1971-இல் சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் கைக்கென்றே தனிப் பிரிவைத் தொடங்கினார். விரல்நுனியை மூட அவர் வகுத்த முக்கோணத் தோல்மடிப்பு அவர் பெயராலேயே இன்றும் வழங்குகிறது. அதே ஸ்டான்லியில் 2018 பிப்ரவரியில், இரண்டு கையும் இழந்த ஓர் இளைஞருக்கு மூளைச்சாவு அடைந்தவரின் கைகளைப் பொருத்தினார்கள்.

நம் ஊரில் திறமைக்குக் குறைவில்லை. தடுமாற்றமெல்லாம் அறுந்த விரலுக்கும் மைக்ராஸ்கோப்புக்கும் நடுவில் உள்ள 60 கிலோமீட்டரில். பெரம்பலூரிலிருந்து திருச்சி நான்குவழிச் சாலையில் ஒரு மணி நேரம். குளிர வைத்த விரல் ஒரு நாள் வரைகூடத் தாங்கும். தசை நிறைந்த முன்கையோ புஜமோ குளிரில்லாமல் ஆறு மணி நேரத்துக்கு மேல் தாங்காது. வரைபடத்தைப் பார்த்தால் நேரம் தாராளம். முதலில் பக்கத்து ஆஸ்பத்திரி, அங்கே கட்டு. அடுத்து எழுதிக்கொடுத்த சீட்டு, பணம் புரட்ட மாமனுக்குப் போன், அப்புறம் கார். நேரம் அங்கேதான் கரைகிறது. விரலைக் கொண்டுவருபவர்களில் சிலர் மஞ்சள்தூளில் புரட்டிக் கொண்டுவருகிறார்கள். சிலர் நேராக ஐஸ் கட்டிக்குள் புதைத்து. ஐஸ் நேரடியாகப் பட்டால் திசு வெந்தது போலாகிவிடும், ஒட்டவே ஒட்டாது. சுத்தமான துணியை நனைத்துப் பிழிந்து விரலைச் சுற்றி, பிளாஸ்டிக் பைக்குள் போட்டு இறுகக் கட்டி, அந்தப் பையை ஐஸ் தண்ணீருக்குள் வைக்க வேண்டும். கையில் ரத்தம் வருமிடத்தை அழுத்திப் பிடிக்க வேண்டும். தோலில் தொங்கிக்கொண்டிருந்தால் வெட்டிவிடக் கூடாது. கதிரடிக்கும் மெஷின் ஒவ்வொன்றின் பக்கவாட்டிலும் குலதெய்வத்தின் பெயர் எழுத இடம் இருக்கிறது. இந்த நான்கு வரிக்கும் இடம் கிடைக்கும்.

மறுநாள் பேரளி, வாரணவாசி வழியாக அரியலூர் போனேன். கரிசல் காடு தாண்டியதும் சாலையோரம் வெள்ளைப் பொடி படியத் தொடங்குகிறது. சுண்ணாம்புக்கல் சுரங்கங்கள், சிமெண்ட் ஆலைகள், அவற்றுக்கு இடையே ஓயாமல் ஓடும் டிப்பர் லாரிகள். பெரம்பலூரின் காயம் கையில் என்றால் அரியலூரின் காயம் காலில். இருசக்கர வண்டியில் போகிறவரின் முழங்காலுக்குக் கீழே டயர் ஏறினால் எலும்பு நொறுங்குவது ஒருபுறம், அதை மூடும் தோலும் சதையும் காலுறை உருவியதுபோல உரிந்துவிடும்.

காலைக் காப்பாற்றுவதா, எடுப்பதா? நடு ராத்திரியில், அழுகிற குடும்பத்தின் முன் எடுக்க வேண்டிய முடிவு. இதற்கு உலகம் அறிந்த ஒரு மதிப்பெண் முறை கோயம்புத்தூர் கங்கா மருத்துவமனையில் பிறந்தது. எலும்பு நிபுணர் எஸ். ராஜசேகரனும் பிளாஸ்டிக் சர்ஜன் எஸ். ராஜா சபாபதியும் இன்னும் சிலரும் சேர்ந்து 2006-இல் வெளியிட்டார்கள். தோலுக்கு, எலும்புக்கு, தசை-நரம்புக்கு என்று ஒவ்வொன்றுக்கும் ஐந்து வரை மதிப்பெண். சர்க்கரை நோய், தாமதம் போன்றவற்றுக்குக் கூடுதல். மொத்தம் 14-க்குள் என்றால் காலைக் காப்பாற்ற முயலலாம். 17-ஓ அதற்கு மேலோ என்றால் எடுப்பதே நோயாளிக்கு நல்லது. 15, 16 வந்தால் அனுபவம்தான் வழிகாட்டி. எண் வந்த பிறகு மளமளவென்று வேலை நடக்க வேண்டும். ஸ்லோவேனியாவின் மார்கோ கோடினா 1986-இல் காட்டிய கணக்கு இது: காயம்பட்ட 72 மணி நேரத்துக்குள், உடலின் வேறிடத்திலிருந்து சதையை ரத்தக்குழாயோடு எடுத்து எலும்பை மூடியவர்களில், அந்தச் சதை பிழைக்காமல் போனது நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவு. மூன்று நாள் தாண்டி, மூன்று மாதத்துக்குள் செய்தவர்களில் நூற்றுக்குப் பன்னிரண்டு.

சாலை விபத்துக்கு 2021 டிசம்பரில் வந்த ‘இன்னுயிர் காப்போம்’ திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். அரியலூரில் 2022 ஜனவரி 12 முதல் அரசு மருத்துவக் கல்லூரியும் இருக்கிறது. பெரம்பலூருக்கு அரசுக் கல்லூரி இன்னும் வரவில்லை. டயரில் அடிபட்டவருக்கு 48 மணி நேரத் திட்டம் உண்டு, கதிர் மெஷினில் அடிபட்டவர் முதல்வர் காப்பீட்டு அட்டையைத் தேட வேண்டும். காயத்துக்கு இந்த வித்தியாசம் தெரியாது.

அரியலூர் கடைத்தெருவை ஒட்டிய ஒரு பிசியோதெரபி மையத்தில் சாயங்காலம் வரை இருந்தேன். தையல் பிரித்த பிறகுதான் பாதி வேலை தொடங்குகிறது என்று சொல்வார்களே, அதைப் பார்க்க. ஒரு கல்லூரிப் பெண்ணின் கையில் சிம்பு வைத்துக் கட்டி, விரல் நகத்தில் ஜாக்கெட் கொக்கியைப் பசைபோட்டு ஒட்டி, அதிலிருந்து மணிக்கட்டுக்கு ரப்பர் பேண்ட் இழுத்திருந்தார்கள். விரலை நீட்டுவது அவர், மடக்குவது ரப்பர் பேண்ட். தைத்த தசைநாண் இழுபட்டு அறுந்துவிடாமல், அதே சமயம் சுற்றியுள்ள சதையோடு ஒட்டிக்கொள்ளாமல் இருக்க ஆறு வாரம் இந்த விளையாட்டு. கல்யாணத்துக்குப் போகவேண்டுமென்று இதைக் கழற்றிவிட்டு வருகிறவர்கள்தான் தெரபிஸ்டுக்குப் பெரிய தலைவலி.

அடுத்தவர் டைல்ஸ் ஒட்டும் தொழிலாளி. கட்டிங் பிளேடு மணிக்கட்டில் இறங்கி, தசைநாண்களோடு நடு நரம்பும் அறுந்து, மூன்று மாதத்துக்கு முன் தைத்தது. தெரபிஸ்ட் அவர் உள்ளங்கையை விரலால் மெல்லத் தட்டிக்கொண்டே போனார்.

“இங்கே சுர்ருங்குதா அண்ணா?”

“இல்ல மேடம்... ஆங், இப்ப, இப்ப.”

அந்த இடத்தில் பேனாவால் ஒரு கோடு. மணிக்கட்டுத் தழும்பிலிருந்து ஆறு சென்டிமீட்டர். நரம்பு தைத்ததும் உடனே வளராது. ஒரு மாதம் போல அசையாமல் இருந்துவிட்டு, நாளுக்கு ஒரு மில்லிமீட்டர் என்று நகரும். எந்த மருத்துவமனையில், எத்தனை லட்சத்துக்குத் தைத்தாலும் அந்த வேகம்தான். ஆள்காட்டி விரல்நுனிக்கு இன்னும் பன்னிரண்டு சென்டிமீட்டர், நான்கு மாதம்.

அவர் விரல்நுனியில் புதிதாக ஒரு கொப்புளம் இருந்தது. டீ கிளாஸ் சுட்டது தெரியவில்லையாம். தெரபிஸ்ட் கடிந்துகொண்டார். சுரணையில்லாத விரல் அறுவையில் பிழைத்தாலும் அடுப்படியில் அழிந்துவிடும். தொழுநோயாளிகளின் விரல்கள் தேய்வது பெரும்பாலும் கிருமியால் அல்ல, வலி தெரியாமல் படும் காயத்தால் என்று வேலூர் சிஎம்சியில் பால் பிராண்ட் கண்டுபிடித்தார். 1946-இல் இங்கே வந்த அவர், வேலை செய்யும் ஒரு தசைநாணை எடுத்து முடங்கிய விரலுக்கு மாற்றிப் பூட்டி மடங்கிப்போன கைகளை நிமிர்த்தினார். அதோடு நில்லாமல், தினமும் தூங்கும் முன் கையைத் திருப்பிப் பார்த்துக் காயம் தேடும் பழக்கத்தையும் நோயாளிகளுக்குக் கற்றுக்கொடுத்தார். டைல்ஸ்காரருக்கும் அதே வேலைதான் கொடுக்கப்பட்டது: படுக்கும் முன் செல்போன் வெளிச்சத்தில் பத்து விரலையும் பார்க்க வேண்டும், டீயை இடது கையில்தான் வாங்க வேண்டும்.

“மெஷின் எப்ப புடிக்கலாம் மேடம்?”

“சுரணை வராம பிளேடு மெஷின் வேண்டாம்ணா.”

இப்போதைக்குச் சிமெண்ட் பால் ஊற்றுவது, டைல்ஸ் எடுத்துக் கொடுப்பது என்று கையாள் வேலையில் பாதிக் கூலிக்குப் போகிறார். அடுத்த முறை செவ்வாய்க்கிழமை வரச் சொன்னார் தெரபிஸ்ட். டைல்ஸ்காரர் தலையைச் சொறிந்தார். கூலி சனிக்கிழமைதான் கைக்கு வரும். செவ்வாய் என்றால் பஸ்ஸுக்கும் கடன், ஒரு நாள் கூலியும் போகும். டவுன் பஸ் பெண்களுக்கு இலவசம், இவருக்கு அதுவும் கிடையாது. மையம் சனிக்கிழமை ஐந்து மணிக்கு மூடுகிறது. ஆறரை வரை திறந்து வைப்பதாகச் சொல்லி, சீட்டில் செவ்வாயை அடித்துவிட்டுச் சனி என்று எழுதிக்கொடுத்தார்.