வீடு மாறினேன், கணினிக்குள்ளே



போன வாரம் இரண்டு நாள் போனை எடுக்கவில்லை என்று சிலர் கோபித்துக்கொண்டீர்கள். காரணத்தைச் சொல்கிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுமையாகப் படியுங்கள்.

2011 கடைசியில் என் பழைய மாணவன் ஒருவன் என் கணினியில் சென்ட்ஓஎஸ் 6 என்ற லினக்ஸைப் போட்டுக் கொடுத்தான். இத்தனை வருடம் ஓடிய அந்தக் கணினியின் மதர்போர்டு இப்போது போய்விட்டது. ஹார்ட் டிஸ்க் மட்டும் நன்றாக இருந்தது. புதிதாக வாங்கியதில் உபுண்டு. பழைய டிஸ்கை யூஎஸ்பி வழியாக இணைத்து, என் ஹோம் ஃபோல்டரை நானே மாற்றிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

ரூட்டாக நுழைந்து, நகலெடுக்கும் கட்டளையில் ஒரு நட்சத்திரக் குறி போட்டேன். நட்சத்திரம் என்றால் 'எல்லாம்' என்று நினைப்பு. வினாத்தாள்கள், ஆண்டு விழாப் படங்கள் எல்லாம் வந்தன. ஆனால் ஒன்றைத் திருத்திச் சேமிக்கப் போனால் அனுமதி இல்லை என்றது. உரிமையாளர் பெயர் வரவேண்டிய இடத்தில் வெறுமனே 500 என்று நின்றது.

அவனுக்கே போன் போட்டேன். இப்போது சர்வர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருக்கிறான். எடுத்ததும் கேட்டான்: "டீச்சர், பழைய டிஸ்கை அழிச்சிட்டீங்களா?"

"இல்லப்பா. கடைக்காரப் பையன் சாயங்காலம் வந்து அழிச்சு எடுத்துட்டுப் போறேன்னான்."

"இன்னைக்கு வேண்டாம்னு சொல்லிடுங்க."

பிறகு விளக்கினான். யூனிக்ஸில் கோப்பின் மேல் உரிமையாளரின் பெயர் எழுதப்படுவதில்லை, எண்தான். சென்ட்ஓஎஸ் 6 முதல் ஆளுக்கு 500 கொடுக்கும். உபுண்டு 1000 கொடுக்கும். எனக்குச் சட்டென்று புரிந்தது. டி.சி. வாங்கிக்கொண்டு வந்த பிள்ளை, பழைய பள்ளியின் சேர்க்கை எண்ணைச் சொல்லிக்கொண்டு நின்றால் நம் பதிவேட்டில் எப்படி இருக்கும்? "உங்களுக்கு அந்த எண்ணில் ஆளே இல்லை டீச்சர், நல்லது. ஆபீஸ்ல சர்வர் மாத்தும்போது அந்த எண் வேற ஒருத்தருக்கு இருக்கும். இவர் கோப்பெல்லாம் அவர் சொத்தாயிடும்" என்றான். சோலாரிஸ் சர்வரிலிருந்து லினக்ஸுக்கு மாறினால் தெருப் பெயரே மாறுமாம். அங்கே 'எக்ஸ்போர்ட் ஹோம்', இங்கே வெறும் 'ஹோம்'. முழு முகவரி எழுதிவைத்த ஸ்கிரிப்டுகள் எல்லாம் வழி தெரியாமல் நிற்குமாம்.

"சரி, மெயில் வந்திருச்சா?" என்றான். தண்டர்பேர்டைத் திறந்தேன். புதுக் கணக்கு தொடங்கச் சொன்னது. ஒரு கடிதம் இல்லை.

எனக்குக் கை நடுங்கிவிட்டது. சிங்கப்பூரிலிருந்து என் தம்பி எழுதிய கடிதங்கள் அதில்தான் இருந்தன. அவன் போய் இரண்டு வருடம் ஆகிறது என்று உறவினர்களுக்குத் தெரியும். மெயிலை இறக்கியதும் சர்வரிலிருந்து அழியும்படி நான் வைத்திருந்ததால் வேறெங்கும் பிரதி கிடையாது.

புள்ளியில் தொடங்கும் பெயருள்ள ஃபோல்டர் கண்ணுக்குத் தெரியாது, நட்சத்திரத்துக்கும் அகப்படாது. தண்டர்பேர்டு கடிதங்களை வைப்பது அப்படியொரு ஃபோல்டரில். "மறைஞ்சிருக்கிற எல்லாத்தையும் கொண்டு வராதீங்க டீச்சர். பழைய டெஸ்க்டாப் அமைப்பு புதுசோட சண்டை போடும். இதை மட்டும் எடுங்க" என்றான். எடுத்தேன். கடைசியில் 'சௌன்' கட்டளையால் அத்தனையையும் என் பெயருக்கு மாற்றினோம்.

மறுபடி திறந்தேன். முதல் கடிதமே, "அக்கா, சாப்டியா?" அவன் எல்லாக் கடிதத்தையும் அப்படித்தான் தொடங்குவான். அன்று முழுக்கப் படித்துக்கொண்டிருந்தேன். போனை எடுக்காததற்கு அதுதான் காரணம்.

பிள்ளைகளே, கணினி மாற்றும்போது புள்ளி வைத்த பெயர்களையும் தேடிப் பாருங்கள். ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்த பிறகும் பழைய டிஸ்கை ஒரு மாதமாவது வைத்திருங்கள். என்னுடையது பீரோவில் இருக்கிறது. கடைக்காரப் பையனிடம் கொடுப்பதாக இல்லை.