கண்டிச்சீமைக்குப் போன பத்திரிகைக்காரி

மீனாட்சியம்மாளைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ‘கோ. நடேசய்யரின் மனைவி’ என்றுதான் தொடங்குகிறார்கள். பொய்யில்லை. ஆனால் அந்த ஒரு சொல் அவருடைய உழைப்பில் பாதியை விழுங்கிவிடுகிறது. தஞ்சை மண்ணிலிருந்து போய் இலங்கையில் குடியேறிய அந்தத் தம்பதியின் ‘தேசபக்தன்’ 1924இல் கொழும்பில் தொடங்கியது. அதில் மீனாட்சியம்மாள் எழுதினார், ஆசிரியப் பொறுப்பிலும் தோள் கொடுத்தார். பத்திரிகை என்றால் தலையங்கம் மட்டும்தானா? காகிதக் கடன், மெய்ப்பு, வராத சந்தா, அச்சுக்கூடத்து ஆட்களின் கூலி எல்லாம் சேர்ந்ததுதான் பத்திரிகை. ஆணும் பெண்ணும் சேர்ந்து நடத்தினால் அவர் ‘பத்திரிகையாளர்’, அவள் ‘உறுதுணை’. நம் ஊர்க் கடைகளிலும் தறிக்கூடங்களிலும் இதே கணக்குத்தான்.

பந்தல்குடிப் பெண்ணான எனக்கு அவர்மேல் இத்தனை ஈடுபாடு வர ஒரு காரணம் உண்டு. இந்தக் கரிசல் காட்டில் மழை பொய்த்த வருஷங்களில், கங்காணியிடம் முன்பணம் வாங்கிக்கொண்டு கண்டிச்சீமைக்குப் போனவர்களின் கதை பல வீடுகளில் இருக்கிறது. தேயிலைக் கொழுந்து பறித்தவர்கள் பெரும்பாலும் பெண்கள். மீனாட்சியம்மாள் பேச விரும்பியது அவர்களோடுதான். ஆனால் அவர்களில் மிகப் பலருக்கு எழுத்துத் தெரியாது. வெளியாள் தோட்டத்துக்குள் கால் வைத்தால் அத்துமீறல் குற்றம். நடேசய்யரே புடவை வியாபாரியாக வேஷம் போட்டுத்தான் முதலில் உள்ளே நுழைந்தார்.

வாசகிக்கு வாசிக்கத் தெரியாது, வாசலில் காவல். இந்த நிலையில் பத்திரிகை நடத்துகிறவள் என்ன செய்வாள்?

பாடினார். தொழிற்சங்கக் கூட்டங்களில் பாரதி பாட்டையும் தாம் கட்டிய பாட்டையும் பாடினார். ஒரு தடவை கேட்டவள் லயத்துக்குக் கொண்டுபோய்விடுவாள். அதற்குச் சந்தாவும் வேண்டாம், துரையின் அனுமதியும் வேண்டாம். 1939இல் இலங்கை அரசு தன்னிடம் தினக்கூலிக்கு இருந்த இந்தியர்களை வேலையிலிருந்து நீக்கியது. பதிலுக்கு இந்தியா அங்கே கூலியாட்கள் போவதைத் தடுத்தது. அந்தக் கொந்தளிப்பின் நடுவே, 1940இல், ‘இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை’ என்ற அவருடைய பாட்டுப் புத்தகம் அச்சாகி வந்தது. அழகியல் அளவுகோலோடு அதை அணுகினால் ஏமாற்றம்தான். அது செய்தித்தாள். மெட்டு, அதன் காகிதம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். டொனமூர் ஆணைக்குழு இலங்கைக்கு வந்த காலத்தில், பெண்களுக்கு வாக்கு வேண்டும் என்று வாதாடியவர்களில் அவரும் ஒருவர். ஆணைக்குழு முப்பது வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கு மட்டும் என்றது. கடைசியில் 21 வயதான ஆண், பெண் இருபாலருக்கும் உரிமை கிடைத்து, 1931இல் தேர்தல் நடந்தது. இந்தியத் தோட்டத் தொழிலாளர்களுக்கு மட்டும் அங்கேயே நிலையாகக் குடியிருப்பதை நிரூபிக்கும்படி தனி நிபந்தனைகள். அவற்றையும் தாண்டிப் பதிவானவர்கள் இருந்தார்கள். அப்படிப் பதிவான ஒருத்தி ஓட்டுப் போட்ட அன்று, சொத்தோ வரியோ இல்லாத அவளுடைய தங்கை பந்தல்குடியில் ஓட்டுப் போட முடியாது. தங்கை 1952 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இதை வகுப்பில் சொன்னால் மாணவிகள் நிமிர்ந்து உட்காருகிறார்கள். கூலிக்குப் போனவள் முந்திக்கொண்டாளே என்று ஒருத்தி சிரித்தாள். அடுத்ததைச் சொன்னதும் அந்தச் சிரிப்பு நின்றது. 1948இல் வந்த குடியுரிமைச் சட்டம் தோட்டத்து மக்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. மறு வருஷம் வாக்கும் போனது. தங்கை முதன்முதலாக ஓட்டுப் போட்ட வருஷத்தில் அக்காவுக்கு ஓட்டு இல்லை.

என் அம்மாச்சி அட்டன் பக்கத்தில் ஒரு லயத்தில் பிறந்தவர். 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இங்கே அனுப்பப்பட்டபோது, அதுவரை கண்ணால் பார்த்திராத ஊருக்கு ‘தாயகம் திரும்பியவர்’ என்று காகிதம் கொடுத்தார்கள். அவரிடம் மீனாட்சியம்மாளைப் பற்றிக் கேட்டிருக்கிறேன். பெயர் தெரியாது என்றார். பாட்டுகள் மட்டும் நிறையத் தெரிந்தன, யார் கட்டியது என்று கேட்டால், “பாட்டுக்கு யாருத்தா பேரு வைப்பா?” என்பார். 1977இல், முப்பத்தொன்பது வயதில், இங்கேதான் முதல் ஓட்டுப் போட்டார்.