கண்டி வீதியைப் போட்டவர்கள்

ஓக்லாந்தின் சான்ட்ரிங்ஹாமில் எங்கள் அயலில் வாழ்ந்த பெரியவர் ஒருவர் காலமானபோது, முப்பத்தோராம் நாள் நினைவுப் புத்தகமான கல்வெட்டை எழுதித் தரும்படி அவருடைய மகள் கேட்டார். பிறந்த ஊர், படித்த பள்ளிக்கூடம், பிள்ளைகள், மருமக்கள், பேரப்பிள்ளைகள் என்று எல்லா விவரமும் தந்தார். நோயில் கிடந்த மனைவியைக் கடைசிவரை தன் கையாலேயே பார்த்த மனிதர் அவர், அதையும் சொன்னார். தொழில் என்ற இடத்தில் மட்டும் ஒரே வரி: பி.டபிள்யூ.டி ஓவசியர், வன்னி. எந்த வீதி, எந்தப் பாலம், எந்த ஆண்டு என்று விசாரித்தேன்.

"ஐயா எந்த நேரமும் கண்டி றோட்டைப் பற்றித்தான் கதைப்பார், அண்ணை. நாங்கள்தான் காது குடுத்துக் கேட்கேல்லை."

அவர் ஆயுள் முழுக்கச் செப்பனிட்ட வீதிகளின் தொடக்கம் எங்கே? அதைத் தேடத் தொடங்கினேன்.

நாங்கள் கண்டி வீதி என்பது அரசாங்கக் கணக்கில் ஏ9. கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் வரை 321 கிலோமீற்றர். ஆனால் தேடல் என்னை அதற்கும் தெற்கே, கொழும்பிலிருந்து கண்டிக்கு ஏறும் மலைப்பாதைக்குக் கொண்டுபோனது. 1815இல் கண்டி இராச்சியத்தைப் பிடித்த ஆங்கிலேயர், 1818இல் பெருங்கிளர்ச்சி ஒன்றை அடக்கி முடித்ததும், மலைநாட்டைக் கைக்குள் வைத்திருக்க வீதி வேண்டும் என்று கண்டுகொண்டார்கள். ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸின் ஆட்சியில் 1820இல் வேலை தொடங்கியது. அதற்குப் பொறுப்பாக இருந்த கப்டன் டோசன் 1829இல் இறந்தார். அவர் நினைவாக எழுப்பிய கோபுரம் கடுகண்ணாவையில் இன்றும் நிற்கிறது.

அந்த வேலைக்கு அனுப்பப்பட்டவர்களில் ஒருவன் தோமஸ் ஸ்கின்னர். 1804இல் நியூபவுண்ட்லாந்தில் பிறந்தவன். தகப்பன் பீரங்கிப் படை அதிகாரி. பதின்மூன்று பதினான்கு வயதில் படிப்பு நின்று இலங்கைக்கு வந்து, படையில் சேர்ந்தான். பதினாறு வயதில் சுமார் 200 கண்டிக் கிராமத்தவர்களை அவன் கையில் கொடுத்து வீதியை வெட்டச் சொன்னார்கள். வீதி வேலை அவர்களுக்கும் தெரியாது, அவனுக்கும் தெரியாது. செய்துதான் கற்றார்கள். நில அளவையையும் அவன் தானாகவே படித்துக்கொண்டான். அநுராதபுரத்துக்குக் காட்டை வெட்டி வழி திறந்ததும், பின்னாளில் வீதி ஆணையாளரானதும், இலங்கையின் பெரிய வரைபடத்துக்கு உழைத்ததும் அதே ஆள்தான். 1867இல் அவர் ஓய்வுபெற்றபோது தீவில் ஏறத்தாழ 3,000 மைல் வீதி இருந்தது.

இவ்வளவும் எனக்கு எப்படிக் கிடைத்தது என்பதுதான் முக்கியம். 1838இல் ஸ்கின்னர் ஜோர்ஜினா என்பவரைக் கைப்பிடித்தார். காய்ச்சலும் கூடாரமுமாகப் போன உத்தியோகத்துக்கு நடுவே குடும்பம் வளர்ந்தது. முதுமையில் தன் வாழ்க்கையை எழுதி வைத்துவிட்டு 1877இல் அவர் இறந்தார். மகள் ஆனி அந்தத் தாள்களைத் தொகுத்து, 1891இல் 'இலங்கையில் ஐம்பது ஆண்டுகள்' என்ற பெயரில் ஆங்கிலத்தில் அச்சேற்றினார். அந்த மகள் இல்லாவிட்டால் கொழும்பில் ஒரு பழைய தெருப் பெயராக மட்டும் அவர் எஞ்சியிருப்பார்.

ஆனால் பாறையை உடைத்த கைகள் யாருடையவை? கொழும்பு–கண்டி வீதியின் முதல் வேலை இராஜகாரியத்தில் நடந்தது. மன்னர் காலத்துக் கட்டாய ஊழியம் அது. ஆங்கிலேயர் அதைத் தமக்கு வசதியாக எடுத்துக்கொண்டார்கள். 1832இல் அதை ஒழித்தார்கள். 1848இல் வீதிச் சட்டம் வந்தது: 18 முதல் 55 வயது வரையான ஆண்கள் ஆண்டுக்கு ஆறு நாள் வீதியில் உழைக்க வேண்டும், அல்லது மூன்று சிலிங் கட்ட வேண்டும். அவ்வாண்டு மாத்தளையில் வெடித்த கிளர்ச்சிக்கு அச்சட்டமும் ஒரு காரணம். வீதி வேலைக்கென்று அரசாங்கம் வைத்திருந்த பயனியர் படையில் கல்லுடைக்கத் தென்னிந்தியாவிலிருந்து தமிழர்கள் வந்தார்கள். கோப்பித் தோட்டங்களுக்குப் போன தமிழர்களோ மன்னாரிலிருந்து மாத்தளை வரை காட்டுவழியே நடந்தார்கள். காலராவிலும் பசியிலும் வழியிலேயே விழுந்தவர்கள் ஏராளம். இவர்களில் எவருக்கும் கோபுரம் இல்லை. எந்த மகளும் இவர்கள் கதையை அச்சேற்றவில்லை.

நான் வாழும் இடமும் வேறுபட்டதல்ல. சான்ட்ரிங்ஹாமுக்கு வடகிழக்கே மவுன்ட் ஈடன் சிறையில் கைதிகள் எரிமலைக் கல்லை உடைத்தார்கள். ஓக்லாந்து வீதிகளுக்கு அந்தக் கல் போனது. மேற்கே, 2017இல் திறந்த வோட்டர்வியூ சுரங்கத்தைக் குடைந்த இயந்திரத்துக்கு அலிஸ் என்று பெயர் வைத்தார்கள்; அந்தப் பெயர் ஊருக்கே தெரியும். உள்ளே நின்று வேலை செய்தவர்களின் பெயர்களைக் கேட்டால் சொல்ல ஆளில்லை.

பெரியவரின் கல்வெட்டைத் திருத்தி எழுதினேன். பழைய சக ஊழியர்களுக்கு மகள் தொலைபேசி எடுத்துக் கேட்டுத் தந்த மதகுகள், வளைவுகள், வெள்ளத்தில் உடைந்து மறுபடி கட்டிய அணைக்கட்டு வீதி எல்லாம் அதில் ஏறின. தேவாரமும் குடும்ப விவரமும் இருக்கும் புத்தகத்தில் ஒரு மனிதனின் உழைப்புக்கும் இரண்டு பக்கம் கிடைத்தது.

நம்மிடையே இன்னும் பல ஓவசியர்கள், ரோலர் ஓட்டியவர்கள், கங்காணிகள், நில அளவையாளர்கள் இந்தப் புலம்பெயர் நகரங்களில் எழுபது எண்பது வயதில் இருக்கிறார்கள். இந்த வாரமே உங்கள் ஐயாவின் பக்கத்தில் உட்காருங்கள். எந்த வீதி, எந்த ஆண்டு, கூட நின்றவர்கள் யார் யார் என்று கேட்டுப் பெயர்களோடு எழுதி வையுங்கள். முப்பத்தோராம் நாள்வரை காத்திருக்க வேண்டாம்.