மணிக்கு ஒரு டாலர்

எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வருடத்துக்கு ஒரு முறையாவது சிலிண்டர் சண்டை வந்துவிடும். இந்தக் குளிர்காலத்தில் அதைக் கிளப்பியவர் என் மாமனார். திருச்சி பெல்லில் பாய்லர் செய்து ஓய்வு பெற்றவர். 2025 ஏப்ரலில் ஒரே போடாக 50 ரூபாய் ஏற்றி, சென்னையில் சிலிண்டர் விலை 868 ரூபாய் 50 காசு ஆனதை அவர் இன்னும் மன்னிக்கவில்லை. ஒரு மைத்துனன் டெல்லியைத் திட்டினான். இன்னொருவன், 2021 தேர்தலில் சிலிண்டருக்கு 100 ரூபாய் மானியம் தருவதாக தி.மு.க. சொன்னதைத் தோண்டி எடுத்துப் போட்டான். இரண்டுக்கும் நடுவே சித்தி ரோஜாப்பூவோடு காலை வணக்கம் அனுப்பினார். அந்த நேரம் பார்த்து எங்கள் வீட்டுக் கதவில் புரொப்பேன் பில் செருகப்பட்டிருந்தது. 700 டாலருக்குக் கொஞ்சம் மேல். வயிற்றெரிச்சலில் அதைப் படமெடுத்துக் குழுவில் போட்டு, ‘வீட்டுக்கும் கராஜுக்கும் சேர்த்து’ என்று எழுதினேன்.

சண்டை நின்றது. மாமனார் போனிலேயே வந்துவிட்டார். “ஏன் மாப்ளே, காருக்குமா குளிரும்?”

குளிரும் மாமா. மினசோட்டாவில் எல்லாவற்றுக்கும் குளிரும். 2019 ஜனவரி 30 அன்று மினியாபோலிஸில் மைனஸ் 33 டிகிரி செல்சியஸ். அந்த மாதிரி நாளில் வெளியே நிற்கிற காரின் பேட்டரி பாதி உயிரை விட்டுவிடும். கதவு ரப்பர் ஒட்டிக்கொள்ளும். கராஜ் அலமாரியில் இருக்கும் பெயின்ட் டப்பா கல்லாகும், ஊரிலிருந்து வந்து அங்கேயே கிடக்கிற தேங்காய் எண்ணெயைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஆனால் உண்மையைச் சொன்னால், கராஜைச் சூடாக்குவது காருக்காக அல்ல. சூடான கராஜ் காருக்குக் கெடுதல்கூட: சாலையில் கொட்டும் உப்பு வண்டியின் அடியில் பனியோடு உறைந்து கிடக்கும் வரை சும்மா இருக்கும், இளகிய பிறகுதான் இரும்பைத் தின்ன ஆரம்பிக்கும். நாங்கள் சூடாக்குவது மனிதனுக்காக. நவம்பர் முதல் மார்ச் வரை கையால் ஏதாவது செய்ய வேண்டுமென்றால் இங்கே இருக்கும் ஒரே இடம் அதுதான். தச்சு வேலை, சைக்கிள் பழுது, பனிவாரும் இயந்திரத்துக்கு பெல்ட் மாற்றுவது எல்லாம் அங்கேதான். என் மனைவி சென்ற மாதம் அங்கேதான் வடாம் காயவைத்தாள். எட்டு மணி நேரத்தில் சலசலவென்று காய்ந்தது. திருச்சி மொட்டை மாடி தோற்கும்.

மினியாபோலிஸை ஒட்டிய மேப்பிள் குரோவ், ஈடன் பிரெய்ரி பக்கம் இருக்கும் நம்மவர்களுக்கு இந்தக் கதை பாதிதான் புரியும். அவர்களுக்குத் தெருவுக்கடியில் இயற்கை வாயு குழாயில் வருகிறது. மாதா மாதம் பில் வரும், கட்டுவார்கள். நாங்கள் குழாய் முடிகிற இடத்துக்கு மேற்கே, சோளக்காட்டு நடுவில் வீடு வாங்கியவர்கள். பின்புறம் 500 காலன் கொள்ளும் வெள்ளை டேங்க் ஒன்று படுத்திருக்கிறது. அதில் 400 காலன்தான் நிரப்புவார்கள். வெயிலில் திரவம் விரியும், மேலே இடம் வேண்டும். அதே அளவு சூட்டுக்கு நகரத்து நண்பர்கள் கொடுப்பதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு நான் கொடுக்கிறேன்.

மாமனார் விடவில்லை. “ஹீட்டர் எத்தனை பி.டி.யு.? கேலரிஃபிக் வேல்யூ சொல்லுங்க” என்றார். கூரையில் தொங்குவது மணிக்கு 45,000 பி.டி.யு. (வெப்ப அலகு) எரிக்கும் ஹீட்டர். ஒரு காலன் புரொப்பேனில் இருப்பது சுமார் 91,500. ஆக முழு வேகத்தில் ஓடினால் மணிக்கு அரைக் காலன், இன்றைய என் விலையில் ஒரு டாலருக்குச் சற்று மேல். மறுமுனையில் பேனா கிறுக்கும் சத்தம் கேட்டது. பிறகு ஒரு நீண்ட மூச்சு. “மாப்ளே, நம்ம வீட்டு சிலிண்டர் 14.2 கிலோ. எங்களுக்கு ஒண்ணரை மாசம் வருது. உங்க கராஜ் அதைப் பதினஞ்சு மணி நேரத்துல குடிச்சிடும்.”

அவர் கணக்கு சரி. கடுங்குளிர் நாளில் ஹீட்டர் பாதி நேரமாவது ஓடும். அப்படியென்றால் ஒரு நாளைக்கு முக்கால் சிலிண்டர், டாலரை 90 ரூபாய் என்று வைத்தால் 1,200 ரூபாய். அதுவும் கராஜை ஏதோ 10 டிகிரியில் வைத்திருப்பதற்கு. இந்தக் கணக்கைக் கேட்டதும் மாமியார் பின்னாலிருந்து “அந்தக் காசுக்கு அந்த வண்டியையே வீட்டுக்குள்ள ஏத்திடலாமே” என்றார்.

செலவு இருக்கட்டும். குளிர் நாட்டுக்கு வந்தால் எரிக்கத்தான் வேண்டும், அதில் எனக்கு வழக்கில்லை. என் வழக்கு அந்த வெள்ளை டேங்க் மேல்தான். அது என் மண்ணில் நிற்கிறது. பனி கொட்டினால் அதற்கு நான்தான் பாதை வெட்டுகிறேன், மூடியின் மேல் விழுந்த பனியை நான்தான் துடைக்கிறேன். ஆனால் அது எனதில்லை. வீட்டை விற்றவர் ஒரு நிறுவனத்திடம் வாடகைக்கு எடுத்தது, வீட்டோடு என் தலையில் வந்து விழுந்தது. ஒப்பந்தப்படி அந்த நிறுவனத்தின் லாரி தவிர வேறு யாரும் அதில் ஒரு சொட்டு ஊற்றக்கூடாது. அவர்கள் என்ன விலை சொல்கிறார்களோ அதுதான் விலை. டேங்குக்கு வருட வாடகை தனி. ஆபத்தான பொருளைக் கொண்டுவருவதற்கு ஒரு கட்டணம். குறைந்தபட்ச அளவுக்குக் கீழே கேட்டால் அதற்கு ஒரு அபராதம். எல்லாம் பில்லின் அடியில், கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தால் தெரிகிற எழுத்தில்.

எதிர் வீட்டுக்காரர் ஓய்வு பெற்ற பள்ளிப் பேருந்து ஓட்டுநர். அவருடைய டேங்க் அவர் சொந்தம். ஆகஸ்டில் நாலு டீலருக்குப் போன் போடுகிறார், மலிவாகச் சொன்னவரிடம் குளிர்காலம் முழுக்கத் தேவையானதற்கு அப்போதே பணம் கட்டிவிடுகிறார். கோடையில் யாருக்கும் வாயு வேண்டாம், விலை இறங்கும். நம் ஊரில் ஆடித் தள்ளுபடிக்குத் தீபாவளித் துணியை எடுத்து வைக்கிற மாதிரி. அவருக்கு காலன் 1 டாலர் 70 சென்ட். எனக்கு 2 டாலர் 30. ஒரே தெரு, ஒரே வாரம். இரண்டு லாரியிலும் இருப்பது ஒரே வாயு. மத்திய மேற்கு மாநிலங்களில் புரொப்பேன் விலை படிவது கான்சஸில் கான்வே என்கிற ஊரில். அங்கே பூமிக்கடியில் உப்புப் பாறையைக் குடைந்த குகைகளில் அதைச் சேமிக்கிறார்கள். அங்கிருந்து வருகிற தூரத்தில் என் வாசலுக்கும் எதிர் வாசலுக்கும் வித்தியாசம் முப்பது அடி. அந்த முப்பது அடிக்கு காலனுக்கு 60 சென்ட்.

இந்த ஊர்க்காரர்கள் என்னிடம் சுதந்திரச் சந்தை பற்றிப் பேசும்போதெல்லாம் எனக்குத் திருச்சி உறையூரில் மாமனார் வீட்டுச் சமையலறைதான் நினைவுக்கு வருகிறது. அங்கே யார் வீட்டிலும் ஒரே விலை. கலெக்டர் வீடானாலும் அதுதான், பக்கத்து இட்லிக்கார அம்மா வீடானாலும் அதுதான். ஒரு ஏஜென்சி பிடிக்கவில்லை என்றால் இன்னொன்றுக்கு இணைப்பை மாற்றிக்கொள்ளலாம். விலை ஏறினால் பேப்பரில் முதல் பக்கத்தில் வரும், சாலையில் அடுப்பை வைத்து ஒப்பாரி வைப்பார்கள், சட்டமன்றத்தில் கேட்பார்கள். என் 60 சென்ட்டுக்காக மினசோட்டா சட்டமன்றத்தில் யாரும் தொண்டையைக் கனைக்கக்கூட மாட்டார்கள். குழாயில் வரும் வாயுவுக்கும் மின்சாரத்துக்கும் விலை நிர்ணயிக்க மாநில ஆணையம் இருக்கிறது. அக்டோபர் 1 முதல் ஏப்ரல் 30 வரை, பணம் கட்ட முடியாதவர் தவணை பேசிக்கொண்டால் வீட்டுச் சூட்டைத் துண்டிக்க முடியாதபடி குளிர்கால விதியும் இருக்கிறது. நல்ல விதி, மனிதத்தன்மை உள்ள விதி. டேங்கில் வரும் புரொப்பேனுக்கு அது பொருந்தாது. கையில் காசில்லை என்றால் லாரி வராது, அவ்வளவுதான். வருமானம் குறைந்தவர்களுக்கு அரசு உதவித் திட்டம் உண்டு என்பதையும் சொல்ல வேண்டும், புரொப்பேனுக்கும் சேர்த்துத்தான். அதற்கு விண்ணப்பம் போட்டுக் காத்திருக்கிற நாட்களில் குளிர் காத்திருக்காது.

2013-14 குளிர்காலத்தைப் பற்றி எதிர் வீட்டுக்காரர் சொல்லும்போது இன்னும் குரல் மாறும். அந்த இலையுதிர் காலத்தில் சோளம் ஈரத்தோடு அறுவடையானது. விவசாயிகள் அதை உலர்த்தவே ஏகப்பட்ட புரொப்பேனை எரித்துத் தீர்த்தார்கள். கனடாவிலிருந்து இங்கே புரொப்பேன் கொண்டுவந்த குழாய் (கொச்சின் பைப்லைன் என்று பெயர், கேட்டதும் நாம் ஒரு நொடி நிமிர்ந்து உட்காருவோம்) பராமரிப்புக்காக அப்போதுதான் மூடப்பட்டிருந்தது. அதற்கு மேல் துருவத்துக் குளிர் வந்து உட்கார்ந்தது. ஜனவரி முடிவதற்குள் இந்தப் பகுதியில் விலை காலனுக்கு 4 டாலரைத் தாண்டியது, ஆளுநர் மார்க் டேட்டன் அவசர நிலை அறிவித்தார். குழாய் அதே 2014-இல் எதிர்த்திசைக்குத் திருப்பப்பட்டது. இன்று அது புரொப்பேன் கொண்டுவருவதில்லை.

“அப்ப நம்ம ஊரு தேவலைன்னு ஒத்துக்கறீங்க” என்றார் மாமனார். அங்கேதான் எனக்குக் கொஞ்சம் உறுத்தியது. அவர் மன்னிக்காத அந்த 868 ரூபாய் வானத்திலிருந்து விழுந்த விலையல்ல. சிலிண்டரை அடக்க விலைக்குக் கீழே விற்று நஷ்டப்பட்ட எண்ணெய் நிறுவனங்களுக்கு ஈடுகட்ட 2025 ஆகஸ்டில் மத்திய அமைச்சரவை 30,000 கோடி ரூபாய் ஒதுக்கியது. அதுவும் அவர் பணம்தான், வேறு பாக்கெட்டிலிருந்து போனது. ஒரே விலை என்கிற பெருமையும் சிலிண்டர் கிடைத்த பிறகுதான். எண்பதுகளில் கேஸ் இணைப்புக்குப் பதிவு செய்துவிட்டு வருடக்கணக்கில் காத்திருந்த குடும்பங்கள் எத்தனை! எம்.பி. கோட்டாவில் கூப்பன் வாங்கியவர் தெருவில் கொஞ்சம் நிமிர்ந்து நடப்பார். இங்கே நான் போன் செய்தால் அடுத்த வாரம் லாரி வருகிறது, யார் சிபாரிசும் வேண்டாம். மைனஸ் 25-இல் ஒற்றை ஆளாக அந்த ஓட்டுநர் நீளமான ரப்பர் குழாயைத் தோளில் போட்டு முழங்கால் பனியில் இழுத்துவருகிறார், ஊற்றுகிறார், ஒரு வார்த்தை முனகாமல் போகிறார். கொடுக்கப்போன காசையும் வாங்கவில்லை. உறையூரில் முதல் மாடிக்குத் தூக்கிவருகிற தம்பிக்கு நாம் பில்லுக்கு மேல் கொடுக்கும் முப்பதையும் ஐம்பதையும் அந்தத் தம்பியின் சம்பளமாகவே நினைத்துப் பழகிவிட்டோம். இதில் யார் தேவலை என்று சொல்ல என்னால் முடியவில்லை.

ஆனால் ஒன்று சொல்வேன். நமக்குச் சமைக்கத்தான் வாயு, இவர்களுக்கு உயிர் வாழ. அந்த வித்தியாசம் வாயுவிலேயே இருக்கிறது. நம் சிலிண்டரில் இருப்பது புரொப்பேனும் பியூட்டேனும் கலந்தது. பியூட்டேன் பூஜ்ஜியம் டிகிரிக்குப் பக்கத்திலேயே ஆவியாவதை நிறுத்திவிடும். உறையூர் சிலிண்டரை இங்கே வெளியில் வைத்தால் ஜனவரி முழுக்க வீம்பு பிடிக்கும். புரொப்பேன் மைனஸ் 42 வரை தாங்கும். அதையும் தோற்கடித்த ஊர் இந்த மாநிலத்தில் இருக்கிறது. வடக்கே டவர் என்ற சிற்றூரில் 1996 பிப்ரவரி 2 அன்று மைனஸ் 51.

குளிரில் காசை மிச்சம் பிடிக்க முதலில் எல்லோரும் வாங்குவது கடையில் கிடைக்கிற பீரங்கி மாதிரி நீளமான ஹீட்டரைத்தான். புகைபோக்கி கிடையாது, பார்பெக்யூ சிலிண்டரில் மாட்டி அப்படியே தீயை உள்ளே ஊதும். எதிர் வீட்டுக்காரர் தன் மச்சினன் வீட்டில் அது என்ன செய்கிறது என்று காட்டினார். ஒரு காலன் புரொப்பேன் எரிந்தால் ஏறக்குறைய மூன்று லிட்டர் தண்ணீர் பிறக்கிறது. வேதியியல், ஒன்றும் செய்ய முடியாது. அந்த நீராவி கூரையில் ஏறி, ஓடு அடித்த ஆணிகளின் முனையில் வெள்ளைக் குமிழாக உறைந்திருந்தது. நூற்றுக்கணக்கான ஆணி, ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு முத்து. மத்தியானம் வெயில் ஏறியதும் எல்லாம் துருவோடு சேர்ந்து பழுப்பு நிறத்தில் புது டிரக்கின் பானெட்டில் சொட்டின. கார்பன் மோனாக்சைடு ஆபத்து இதற்கு மேலே. அதற்காகக் கதவைக் கொஞ்சம் திறந்து வைக்கச் சொல்கிறார்கள். கதவைத் திறந்துவிட்டு வீட்டைச் சூடாக்குவது எங்கள் மாமனாரைப் பொறுத்தவரை தண்டனைக்குரிய குற்றம்.

அவர் தீர்ப்பு எளிமையானது. “வாயுவைப் பத்தி அப்புறம் பேசலாம். மொதல்ல சுவத்துக்குள்ள பஞ்சு வைங்க, கதவுக்கு அடியில இடுக்கை அடைங்க. பாய்லரே ஆனாலும் லேகிங் இல்லேன்னா வேஸ்ட்.” கராஜ் சுவரில் மரச்சட்டம் மட்டும்தான் இருக்கிறது, உள்ளே வெற்றிடம். பஞ்சு வைத்தால் எரிகிற வாயு பாதிக்கு மேல் குறையும். அது வசந்தத்தில் நடக்கும்.

அதற்குள் இன்னொரு செய்தி வந்து எரிச்சலை ஏற்றியது. 2025 நவம்பரில் இந்தியப் பொதுத்துறை எண்ணெய் நிறுவனங்கள் அமெரிக்காவிலிருந்து 2026-க்கு மட்டும் சுமார் 22 லட்சம் டன் எல்.பி.ஜி. வாங்க ஒப்பந்தம் போட்டிருக்கின்றன. அமெரிக்க வாயு கடல் கடந்து போய், உறையூரில் என் மாமனார் வீட்டு அடுப்பில் எரியக்கூடும். சென்னையின் 2025 ஏப்ரல் விலைப்படி அது கிலோ 61 ரூபாய். இங்கே உள்ளூரில் நான் அதே வாயுவுக்குக் கிலோவுக்கு 100 ரூபாய்க்கு மேல் கொடுக்கிறேன். குழுவில் இதைப் போட்டதும் மைத்துனர்கள் இருவரும் முதல் முறையாக ஒரே கட்சியில் சேர்ந்து சிரித்தார்கள்.

சொந்த டேங்க் வாங்கிவிடுவது என்று முடிவு செய்து நிறுவனத்துக்குப் போன் போட்டேன். தாராளமாகச் செய்யலாம் என்றார்கள். டேங்கை எடுத்துப்போகக் கட்டணம் உண்டு. உள்ளே மிஞ்சியிருக்கும் வாயுவை உறிஞ்சி எடுக்க இன்னொரு கட்டணம் உண்டு. உறிஞ்சிய வாயுவுக்கு நான் கொடுத்த காசு திரும்ப வராது. ஆகவே மே மாதத்துக்குள் டேங்கைக் காலி செய்தாக வேண்டும். கராஜ் தெர்மோஸ்டாட்டை 20 டிகிரிக்கு ஏற்றி வைத்திருக்கிறேன். மனைவி அடுத்த ஈடு வடாத்துக்கு ஜவ்வரிசி ஊறப்போட்டிருக்கிறாள்.