நான்கு மணி நேரம்

வண்டலூர்–வாலாஜாபாத் சாலையும் ஸ்ரீபெரும்புதூர் செல்லும் சாலையும் ஒன்றையொன்று வெட்டும் இடம் ஒரகடம். விடியுமுன்பே அங்கே தொழிற்சாலைப் பேருந்துகள் வரிசை பிடித்துவிடும். அவ்வட்டாரத்து அரசுப் பள்ளியொன்றில், மாணவர் எழுதிய நூல் மதிப்புரைகளுக்கு நடுவராக ஒருநாள் அமர்ந்திருந்தேன்.

2022-ஆம் ஆண்டு தமிழகப் பள்ளிக்கல்வித் துறை, 6 முதல் 9 வரையான வகுப்புகளின் பிள்ளைகள் வாரம் ஒரு பாடவேளை நூலகம் சென்று, ஒரு நூலை வீட்டிற்கு எடுத்துப்போய்ப் படித்து, அதைக் குறித்து எழுத வழிசெய்தது. நன்கு எழுதுவோர் பள்ளியிலிருந்து மாநிலம் வரை படியேறலாம். பூட்டிய அலமாரிகளில் நூல்கள் செல்லரித்ததைக் கண்டு வளர்ந்த என் போன்றோர்க்கு இது எத்துணை மகிழ்ச்சி!

என்னிடம் தந்தவை நாற்பது தாள்கள்; நேரம் ஒன்றரை மணி. மொழிநடை, பிழையின்மை, கருத்து என மதிப்பெண்களைப் பகுத்துக்கொண்டேன். முதலிடம் பெற்ற தாள் அப்பழுக்கற்றது. பின்னட்டைக் குறிப்பின் வாடை அதில் வீசியதை, உண்மையைச் சொன்னால், அப்போதே உணர்ந்தேன்.

எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி ‘டோட்டோ சான்: ஜன்னலில் ஒரு சிறுமி’ பற்றி எழுதியிருந்தாள். ஜப்பானிய நடிகை தெத்சுகோ குரோயாநாகி தம் பள்ளிப்பருவத்தைக் குறித்து எழுதி, 1981-இல் வெளிவந்த நூல் அது. முதல் பள்ளியிலிருந்து விலக்கப்பட்ட சிறுமியை, புதிய பள்ளியின் தலைமையாசிரியர் கோபயாஷி எதிரே அமர்த்தி, அவள் பேசியதையெல்லாம் நான்கு மணி நேரம் கேட்கிறார். பழைய இரயில் பெட்டிகளே அங்கு வகுப்பறைகள். படிப்போர் பலரும் அவற்றில்தான் சொக்கிப்போவர். இவளோ அவற்றைத் தொடவேயில்லை. அந்த நான்கு மணி நேரத்தையே பற்றிக்கொண்டாள். அவள் தந்தைக்கு இரவுப் பணி. அவர் உறங்கும்போது இவள் பள்ளியில். இவள் திரும்பும்போது அவர் புறப்பட்டாயிற்று. ஒரு ஞாயிறன்று அந்தத் தலைமையாசிரியரைப் பற்றிச் சொல்லத் தொடங்கினாளாம். கேட்டுக்கொண்டே அவர் உறங்கிவிட்டாராம். மீதியை உறங்கும் அவரிடமே சொல்லி முடித்தாளாம்.

ஒற்றுப்பிழைகள் மலிந்திருந்தன, ரகர றகரக் குழப்பம் வேறு. கதைச்சுருக்கம் இல்லை. பதினோராம் இடத்தில் வைத்தேன்.

வீடு திரும்பும் பேருந்தில்தான் கணக்கிட்டுப் பார்த்தேன்: தாளொன்றுக்கு இரண்டேகால் நிமிடம்.

மறு ஆண்டும் அழைத்தார்கள். தாளைப் படிப்பதோடு, எழுதிய பிள்ளையிடம் ஐந்து நிமிடமேனும் பேச வேண்டும் என்றேன். “நேரம் இருக்காதுங்க ஐயா” என்றார் பொறுப்பாசிரியர். பிறகு மதிய உணவு இடைவேளையை ஒதுக்கித் தந்தார். வந்தவர்களிடையே அந்தச் சிறுமியைத் தேடினேன். தந்தையின் ஒப்பந்தப் பணி முடிந்து, குடும்பத்தோடு சொந்த ஊருக்கே போய்விட்டார்களாம்.